தேரிக்குறிச்சியின் மூக்குக்காரர்கள்

தேரிக்குறிச்சியில் பலாமரம் கிடையாது. செம்மண் தேரியில் பனை நிற்கும், முந்திரி நிற்கும், உடைமரம் யாரும் கேட்காமலே வந்து நிற்கும், பலா மட்டும் நிற்காது. ஆகவே ஒரு சித்திரை மாதத்துப் பகலில், சைக்கிள் கடைக் கணபதி டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தபோது, நன்றாகப் பழுத்து வெடித்த பலாப்பழத்தின் வாசம் குப்பென்று அவர் மூக்கில் ஏறியதும், அதே நேரத்தில் அவருடைய அக்காள் சண்முகத்தாய் ரேஷன் கடை வரிசையில் நின்றபடி யார் பையில் பலாச்சுளை என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததும், அதே நேரத்தில் கணபதியின் மூத்த மகன் கடல் தாண்டித் தமாமில் குளிர்க்கிடங்கு ஒன்றில் மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்று எச்சில் விழுங்கியதும் ஊரில் யாருக்கும் ஒரு செய்தியாகப் படவில்லை. வெற்றிலை போட்டு மெல்லும் நேரம் கழித்து, சண்முகத்தாயின் மகள், சின்ன வயதிலிருந்தே வலிப்பு வருகிற பிரம்மசக்தி, அடிபம்பு அருகே விழுந்து கைகால் இழுத்துக்கொண்டு கிடந்ததுதான் அன்றைக்குப் பேச்சாக இருந்தது.

வலிப்புக்கு எங்கள் ஊரில் ஒரே வைத்தியம்தான் உண்டு, கையில் இரும்பைக் கொடுப்பது. பிள்ளை விழுந்ததும் பிள்ளையைப் பார்க்கிறவர்களைவிடச் சாவி தேடுகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். பீரோ சாவி, கடைச் சாவி, டிராக்டர் சாவி என்று சக்தியின் கைக்குள் திணித்த சாவிகளைக் கொண்டு ஊரில் பாதி வீடுகளைத் திறந்துவிடலாம். தானாக நிற்கிற நேரத்தில் வலிப்பு நின்றதும், யார் சாவி கடைசியாகக் கையில் இருந்ததோ அவர் ஒரு வாரத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்.

இரண்டாம் முறையும் வாசம் வந்தது, பிள்ளை விழுந்தாள். மூன்றாம் முறை வாசம் வந்ததும் கணபதி பஞ்சரை அப்படியே போட்டுவிட்டு, யாரும் துரத்தாமலே தெருவில் ஓடி, அக்காள் வீட்டுக்குள் புகுந்து, அம்மியில் சாய இருந்த மருமகளைத் தாங்கிப் பிடித்தார்.

"ஏல, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் சண்முகத்தாய்.

"பலாப்பழம் மணந்துச்சுக்கா. அது மணந்தா இவ விழுதா."

"எனக்கும்லா மணந்துச்சு! மூக்குலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

இவர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கையிலே தமாமிலிருந்து போன் வந்தது. "யப்பா, சக்திக்குப் பக்கத்துல யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டான் மகன். அதோடு விஷயம் ஊருக்கே தெரிந்துபோயிற்று.

அக்காளும் தம்பியும் சக்தியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே சக்தியின் தலையில் பசை தடவி, நூல் நூலாக வயர் ஒட்டி, மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக இழுத்தார்கள். கோடு நம் தேரி மேடு போல ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது, நடுவில் திடீரென்று ஊசி ஊசியாக நிமிர்ந்தது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடி மேடும் பள்ளமுமாகப் போயிற்று. டாக்டரம்மா சண்முகத்தாயையும் படுக்கச் சொல்லி வயர் ஒட்டினார், கணபதியையும் படுக்கச் சொல்லி ஒட்டினார். மூன்று கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, ஊசிகள் மூன்றிலும் நின்றன, இவளுக்கு அதிகம், அவர்களுக்குக் கொஞ்சம்.

"இந்தக் கோடு உங்க குடும்பத்துல வழிவழியா வருது. ஆனா வலிப்பு இந்தப் பொண்ணுக்கு மட்டும்தான். கோடு இருக்குங்கிறதுக்காக உங்களுக்கும் வலிப்பு வரும்னு அர்த்தம் இல்ல. புரியுதா?" என்றார் டாக்டரம்மா. "மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. விழுந்தா ஒரு பக்கமா சாய்ச்சுப் படுக்க வைங்க, தலைக்கு அடில மெத்துனு ஏதாவது வைங்க. சாவி, இரும்பு எதுவும் வேண்டாம்."

"அந்தப் பலாப்பழ வாசம்?" என்று கேட்டார் கணபதி.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் அவருடைய மூக்கையே பார்த்தார். "வருதுல்ல? வந்தா ஓடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எங்கள் ஊர் எதையும் சீக்கிரம் சீரணித்துவிடும், சுனாமி வருஷத்துக் கதைகளையே சீரணித்த ஊர் இது. வாசம் பிடிக்கிறவர்களுக்கு மூக்குக்காரர்கள் என்று பேர் விழுந்தது, பேர் விழுந்ததும் ஆள் கூடியது. மின்கம்பத்தின் உச்சியிலிருந்த லைன்மேன் ஏசுவடியான் ஒரு நாள் பாதி வேலையில் சரசரவென்று இறங்கிச் சக்தி வீட்டுக்கு ஓடிவந்து நின்றார், அவர் பின்னாலேயே கழுத்தில் அளவுநாடாவோடு தையற்கடை மைதீன்பிச்சை மூச்சிரைக்க வந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், சண்முகத்தாயைப் பார்த்தார்கள், பிறகு நாங்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எந்தப் பாட்டன் எந்த வேலியைத் தாண்டினான் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. வாய் பொய் சொல்லும், மூக்கு சொல்லுமா? கடைசியில் சண்முகத்தாய்தான், "வந்தவங்க நிக்கீங்களே, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று அடுப்பைப் பற்ற வைத்தாள், அன்றிலிருந்து ஒருவர் சக்திக்குப் பெரியப்பா ஆனார், இன்னொருவர் சித்தப்பா ஆனார், கிறிஸ்துமஸ் கேக்கும் ரம்ஜான் கஞ்சியும் அந்த வீட்டுக்குத் தவறாமல் வந்து சேர்ந்தன.

இடைஞ்சல் இல்லாமலில்லை. குற்றால சீசனில் ஒரு பலாப்பழ வண்டி மைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தது, அந்த நாளில் மூக்குக்காரர்கள் அத்தனை பேரும் கடையைப் போட்டுவிட்டும் சாப்பாட்டைப் போட்டுவிட்டும் ஓடிவந்து, முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சக்தியைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல பெரியப்பா, போங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, "நீ சும்மா இரி, இப்போ வரும்" என்று அவர்கள் பொழுது சாயும்வரை கலையவில்லை. அடுத்த வாரமே ஊர் நுழைவு வளைவில், நோட்டீஸ் ஒட்டாதீர் என்பதற்குக் கீழே, பலாப்பழ வண்டி உள்ளே வரக்கூடாது என்று பெயிண்டில் எழுதிவிட்டோம்.

ஆனால் இந்த மூக்குகளால் சக்திக்கு ஒரு வாழ்வு வந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தீயும் தண்ணீரும் ஆகாது என்று சொல்லி அடுப்பங்கரைப் பக்கமே விடாமல் வளர்த்திருந்தார்கள், அவளுக்கோ உலகத்தில் வேறெதுவும் வேண்டாம், அடுப்பு ஒன்று வேண்டும். கல்யாண வீடுகளில் பெண்டுபிள்ளைகள் மணமேடைப் பக்கம் கூடுவார்கள், இவள் சமையல் நடக்கும் ஆக்குப்புரை வாசலில் நின்று தவசுப்பிள்ளை ஆண்டியப்பன் எண்ணெயில் வடையைத் திருப்புவதைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். வாசம் பிடிக்கிற ஆள் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் பிள்ளை அடுப்பில் நிற்கலாமே என்று ஆண்டியப்பனுக்குத்தான் முதலில் தோன்றியது. நின்றாள். மாவை உள்ளங்கையில் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அவள் எண்ணெயில் நழுவவிடும் உளுந்தவடையைத் தின்றவர்கள் பந்தியை விட்டு எழுந்திருக்க மறுத்தார்கள், ஆண்டியப்பனைக் கூப்பிடுகிறவர்கள் அந்தப் பிள்ளை வருவாள்தானே என்று கேட்டுவிட்டே வெற்றிலை பாக்குக் கொடுத்தார்கள். மாத்திரையால் வலிப்பும் அரிதாயிற்று. அடுப்பு வெக்கையில் சிவந்த முகத்தோடு அவள் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இந்த ஆட்டத்தில் சேராதவர் ஒருவர் உண்டு, மண்டபத்துக்காரர் சிவனணைந்தபெருமாள். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் பசித்துவிடும் என்பதால் பெருமாள் அண்ணாச்சி என்போம். ஊரின் ஒரே கல்யாண மண்டபம் அவருடையது. "நாங்க ஆத்தங்கரை வம்சம். தாமிரபரணித் தண்ணி குடிச்ச ரத்தம். தேரிக்காட்டு ரத்தம் எங்ககிட்ட ஒரு சொட்டு கெடையாது" என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லுவார். சக்தியை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அந்தக் கோட்டுக்காரப் பிள்ளை என்பார். எங்களுக்குத் தெரியாதது என்னவென்றால், அந்தச் சித்திரை மாதத்துப் பகலில், கணபதி டியூபை அமுக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், மண்டபத்து நாற்காலியில் சாய்ந்திருந்த அண்ணாச்சியும் சப்புக்கொட்டியிருந்தார். மூக்குக்காரர்கள் என்ற பேச்சு கிளம்பிய அன்றே அவர் மூக்குப்பொடி போடத் தொடங்கினார், வாசம் வரும்போதெல்லாம் ஒரு சிட்டிகை ஏற்றித் தும்மித் தீர்த்தார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஊரில் கல்யாண மாதம் வந்தது. ஏசுவடியானின் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியை ஆற்றிக்கொண்டே, "உங்க வீட்டுல மூக்கு உண்டுமோ?" என்று கேட்டார்கள். அவர் வெள்ளந்தி. "உண்டு, அருமையான மூக்கு! இங்க இருந்தாலும் மணக்கும், கொழும்புல இருந்தாலும் மணக்கும்" என்று பெருமையாகச் சொன்னார். வந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு மூக்குகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. கோடு இருந்தால் வலிப்பும் வரும், இவர்களுக்கு வராவிட்டால் பிள்ளைகளுக்கு வரும் என்று ஊர் ஊராகப் பேச்சுப் பரவியது, டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் ஒருவர் காதிலும் நிற்கவில்லை. பெண்ணை வைத்திருந்தவர்களுக்கு ஜலதோஷம் பிடித்தது, பையனை வைத்திருந்தவர்கள் தைலம் தடவிக்கொண்டு திரிந்தார்கள். "எனக்கு இப்பல்லாம் மணக்கதே இல்ல பாத்துக்கோ" என்று வழியில் போகிறவர்களை நிறுத்திச் சொன்னார்கள். நாலாம் தெருவில் ஒரு சீமந்த விருந்தில், கல்யாணம் பேசி வைத்திருந்த, சக்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் காவலுக்கு நின்றான். வாசம் வந்தது. பந்தியில் அவனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் இருந்தார்கள். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சக்தி எண்ணெய்ச் சட்டிக்கு மறுபக்கமாகச் சாய்ந்ததால் பிழைத்தாள், காய்ந்த கரண்டி மட்டும் அவள் மணிக்கட்டில் கோடு போட்டுவிட்டது. அந்தப் பயலை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"போதும்ட்டி" என்றாள் சண்முகத்தாய், காயத்துக்கு மருந்து போட்டபடி. "எண்ணெய்ச் சட்டிலருந்து உன்னைய அள்ள எனக்குத் தெம்பு கெடையாது. அடுப்பு வேண்டாம். வீட்டுல இரி."

"கோமதி கல்யாணத்துக்கு வடை போட ஒத்துக்கிட்டேன்மா. அது ஒண்ணு மட்டும். கணவதி மாமாவ பக்கத்துல நிப்பாட்டிக்கிடுதேன்."

"அதுலயும் விழுந்தீன்னா?"

சக்தி மணிக்கட்டுக் காயத்தைத் திருப்பிப் பார்த்தாள். "விழுந்தா கரண்டிய கீழ வச்சிருதேன். ஆயுசுக்கும் தொட மாட்டேன்" என்றாள்.

கோமதி என்பது பெருமாள் அண்ணாச்சியின் ஒரே மகள். மாப்பிள்ளை திருநெல்வேலியில் பாங்கு வேலை, சம்பந்தி வீடு பெரிய இடம். அந்தக் கோட்டுக்காரப் பிள்ளை வேண்டாம் என்று அண்ணாச்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அவள் வடை இல்லாமல் நான் மணையில் உட்கார மாட்டேன் என்று கோமதி ஒற்றைக்காலில் நின்றாள். சரி என்றார். முகூர்த்தத்தன்று காலையில் சம்பந்தி வீட்டு வேன் வந்து நின்றதும் ஆக்குப்புரைக்குள் எட்டிப் பார்த்தார், சக்தி முதல் ஈடு வடையை அள்ளிக்கொண்டிருந்தாள், அவள் பக்கத்தில் கணபதி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கணவதி, நீ வாசல்ல போயி பன்னீர் தெளி."

"அண்ணாச்சி, பிள்ளை தனியா..."

"தவசுப்பிள்ளை இருக்காருல்லா? அடுப்புப் பக்கம் சும்மா ஒரு ஆளு நின்னா சம்பந்தி என்ன ஏதுன்னு கேப்பாரு. போப்பா, எம் மவ கல்யாணம்."

ஆண்டியப்பனுக்குக் கை உண்டு, மூக்கு கிடையாது. கணபதி வாசலுக்குப் போனார்.

மேளம் ஊதிக்கொண்டிருந்தது, ஐயர் புகை எழுப்பிக்கொண்டிருந்தார், முதல் பந்தி பொங்கலும் வடையுமாக நடந்துகொண்டிருந்தது, அண்ணாச்சி சம்பந்தியின் கையைப் பிடித்து ஆத்தங்கரை வம்சத்தை மூன்றாம் பாட்டனிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது மல்லிகையையும் சந்தனத்தையும் சாம்பாரையும் தள்ளிக்கொண்டு பலாவாசம் மண்டபத்துக்குள் வந்தது. மைதீன்பிச்சைக்கு வந்தது, ஏசுவடியானுக்கு வந்தது, பந்தியில் பாதி பேருக்கு வந்தது. வேறு யாராவது எழுந்து போவார்கள் என்று ஒவ்வொருவரும் தலையைக் குனிந்துகொண்டு இலையைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். வாசலில் கணபதி பன்னீர்ச் செம்பை எறிந்துவிட்டு ஓடிவந்தார், ஆனால் இடையில் கல்யாணக் கூட்டம் சுவராக நின்றது, "வழி விடுங்க, வழி விடுங்க" என்ற அவருடைய கத்தலை நாயனம் விழுங்கிவிட்டது.

ஆக்குப்புரைக் கதவுக்குப் பக்கத்தில் நின்ற மூக்குக்காரர் அண்ணாச்சி ஒருவர்தான். இடுப்பு மடிப்பிலிருந்த மூக்குப்பொடி டப்பியை நோக்கிக் கை தன்னால் போயிற்று. சம்பந்தி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், மணமேடையில் மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள், கதவுக்கு அந்தப் பக்கம் எண்ணெய் சளசளவென்று கொதிக்கும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி சம்பந்தியின் கையை உதறினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல், ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு, அந்த வயதில், அந்தத் தொப்பையோடு, அவர் ஓடியதை ஊரே பார்த்தது. கரண்டி கீழே விழுந்த நேரத்தில் சக்தியை இடுப்போடு பிடித்துப் பின்னால் இழுத்தார். "கேஸை அணையும்வே!" என்று ஆண்டியப்பனைப் பார்த்துக் கத்தினார். அவளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார், தோளிலிருந்த பட்டு அங்கவஸ்திரத்தைச் சுருட்டித் தலைக்கு அடியில் கொடுத்தார், சாவியோடு ஓடிவந்த இரண்டு பேரை ஒரு முறை முறைத்து வெளியே துரத்தினார்.

சம்பந்தி பின்னாலேயே வந்து நின்றார். "அண்ணாச்சி, நீங்க என்கிட்டப் பேசிக்கிட்டுல்லா இருந்தீங்க. இங்க இந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரப்போவுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மேளத்தை யாரோ நிறுத்தியிருந்தார்கள். கதவில் நாங்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றோம். அண்ணாச்சிக்கு வியர்த்துக் கொட்டியது.

"பலாப்பழம் மணந்துச்சு" என்றார். "எனக்கு மணக்கும். மொத நாள்லருந்தே மணக்கு. ஆத்தங்கரையும் இல்ல, ஒரு கரையும் இல்ல. இவ எங்க ரத்தம்தான். கல்யாணத்த நிப்பாட்டணும்னா நிப்பாட்டிக்கிடுங்க. என்னால இதுக்கு மேல தும்ம முடியாது."

சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனிதர் குழந்தைபோல அழுதார். மாலையும் கழுத்துமாகக் கோமதி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள், அவள் பின்னால் மாப்பிள்ளையும் வந்தார்.

"யப்பா, எனக்கும் மணக்கும்ப்பா. உங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. இவங்ககிட்ட பொண்ணு பாத்த அன்னிக்கே சொல்லிட்டேன். இப்பயும் ஓடிவரத்தான் எந்திரிச்சேன், அதுக்குள்ள நீங்க ஓடிட்டீங்க."

சம்பந்தி மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமாப்பா, தெரியும். நம்ம வீட்டுல எல்லாருக்கும் சுகரு. நாம அவங்ககிட்ட சொன்னமா?" என்றார். சம்பந்தி அன்று காலையில் மட்டும் மூன்று ஜிலேபி தின்றிருந்தார்.

வலிப்பு நின்று சக்தி அடித்துப்போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள். சண்முகத்தாய் வந்தாள், கணபதி வந்தார், பந்தியில் இலையைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக எச்சில் கையோடு வந்து சுவரோரம் நின்றார்கள், நானும் போய் நின்றேன். வெட்கமாக இருந்தது. ஐயர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, பத்தரைக்கு மேல ராகு காலம். பொண்ணோட அப்பா வந்து மணைல ஒக்காரணும்."

"ஒக்காருதேன் சாமி. எம் பிள்ளை ஒருத்தி இங்க முழிக்காம கெடக்கா. அவ முழிக்கட்டும்."

"முகூர்த்தம் போயிரும்!"

"போவட்டும். அதுக்கு ஆளு வேண்டாம், தானா போயிரும்."

முகூர்த்தம் போயிற்று. ராகு காலம் வந்தது, யாரையும் கடிக்கவில்லை, எங்களோடு நின்று அதுவும் வேடிக்கை பார்த்தது. கோமதி முழங்காலைக் கட்டிக்கொண்டு சக்தியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள், மாப்பிள்ளை ஒரு முறத்தை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார், நாயனக்காரர் ஆறிப்போன வடை ஒன்றை யாரும் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார்.

நெடுநேரம் கழித்துச் சக்தி கண்ணைத் திறந்தாள். சுற்றி இத்தனை முகம் இருப்பதைப் பார்த்தாள், பட்டு அங்கவஸ்திரத்தைப் பார்த்தாள், அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"கல்யாணத்தக் கெடுத்துட்டேனா?"

"ஒரு ஈடு கருகிட்டு, அவ்வளவுதான். ராகு காலம் முடியவும் தாலி கட்டிருவோம்" என்றார் அண்ணாச்சி.

சக்தி அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். கொடுத்த வாக்கு இருவருக்கும் நினைவிருந்தது. சண்முகத்தாய் குனிந்து, தரையில் கிடந்த கரண்டியை எடுத்து, முந்தானையில் துடைத்து, தன் பைக்குள் வைக்கப் போனாள்.

"அத எங்க கொண்டு போற?" என்றார் அண்ணாச்சி. "அடுப்பு மேலேயே வையி. நாளைக்கு மறுவீட்டு விருந்துக்கு யாரு வடை போடுவா?"

"வேண்டாம் அண்ணாச்சி. இவங்க எல்லாரும் நிப்பாங்கன்னுதான் விட்டேன். நாளைக்குப் பக்கத்துல யாரு நிப்பா?"

அண்ணாச்சி கையை ஊன்றி மெல்ல எழுந்தார், சுவரோரம் நின்ற எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார், நாங்கள் வாயைத் திறக்குமுன் அவர் சொல்லிவிட்டார்.

"நான் நிக்கேன்."